காடையின் முதல் முட்டையும் கடனின் முதல் தவணையும்

"வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய தொழில் ஏதாவது சொல்லுங்கள் மிஸ்" என்று நமது பெண்கள் கேட்கும்போது, தையல், கோழி, ஆடு என்று சொல்லி வந்த நாம் இப்போது காடையையும் சேர்த்துச் சொல்கிறோம். சிறிய வளவு போதும். கூவி அயலவரின் தூக்கத்தைக் கெடுக்கும் சேவல் போலவும் அல்ல. ஆறு கிழமையில் முட்டையிடத் தொடங்கும் பறவை வேறு எது? இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த "ஆறு கிழமை" என்ற சொல்லை நம்பி நான் செய்த பிழை ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கல்முனைக்கு மேற்கே, வயல்களை அண்டிய ஊர் நற்பிட்டிமுனை. அங்கே மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு ராத்தா 2021 ஒக்டோபரில் கடன் பெற்று 50 காடைக் குஞ்சுகள் வாங்கினார். தொழில் திட்டத்தை எழுதிக் கொடுத்தது நான். ஏழாவது கிழமையிலிருந்து நாளொன்றுக்கு 40 முட்டை என்று எழுதினேன். அதை வைத்தே கடனின் முதல் தவணையும் ஏழாவது கிழமைக்குக் குறிக்கப்பட்டது.

ஏழாவது கிழமை வந்தது. கிடைத்ததோ நாளுக்கு ஐந்து, ஆறு முட்டை. அவற்றிலும் சில புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரியவை, சில தோலைப் போன்ற மெல்லிய ஓடு கொண்டவை. தவணைக்காக ராத்தா காதுத் தோட்டை அடகு வைத்தார். "முட்டை போடாத சாதியைத் தந்துவிட்டார்கள் மகள், இறைச்சிக்குக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டபோதுதான் நான் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பறவையில் பிழை இல்லை. பிழை என் தாளில் இருந்தது.

எங்கே பிழைத்தது?

முதலாவது, குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி ஆண். 50 குஞ்சுகளில் நான்கு முதல் கிழமையிலேயே இறந்துவிட்டன. மீதி 46இல் பெட்டைகள் 23 மட்டுமே. மூன்று கிழமை கடந்ததும் மார்பைப் பார்த்தால் தெரியும். ஆணுக்கு மார்பு செம்பழுப்பாக, புள்ளியின்றி இருக்கும். பெட்டைக்கு வெளிறிய மார்பில் கரும்புள்ளிகள் இருக்கும். உண்ணும் முட்டைக்கு ஆண் காடை தேவையே இல்லை.

இரண்டாவது, ஆறு கிழமை என்பது கூட்டத்தில் முந்திய பறவை முட்டையிடும் காலம். எல்லாம் ஒரே நாளில் தொடங்குவதில்லை. எட்டு முதல் பத்துக் கிழமையில்தான் கூட்டம் முழுமையாக முட்டைக்கு வரும். ஆரம்ப முட்டைகள் சிறிதாகவும், புள்ளி குறைந்தும், ஓடு மெலிந்தும் இருப்பது இயல்பு. உடல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். நல்ல காடை முட்டை சுமார் 10 கிராம் இருக்கும்.

மூன்றாவது வெளிச்சம். குளிர் நாடுகளில் வசந்தத்தில் பகல் நீளும்போது காடை முட்டையிடத் தொடங்கும். நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் வேண்டும். ராத்தாவின் பறவைகள் முட்டைக்கு வந்ததோ டிசம்பர் மாரியில். பகலும் குறைவு, வானமும் இருட்டு.

என்ன செய்தோம்?

ஆண் காடைகளை இறைச்சிக்கு விற்றோம். அந்தப் பணம் அடுத்த இரண்டு தவணைகளுக்கு உதவியது. கூட்டில் ஒரு சிறு மின்குமிழைப் பொருத்தி, கிழமைக்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் கூட்டினோம். அவசரப்பட்டு இளம் பறவைக்கு நீண்ட வெளிச்சம் கொடுத்தால், உடல் வளரும் முன்னரே முட்டையிடத் தொடங்கி, முட்டை அடைத்துக்கொண்டு இறக்கவும் கூடும்.

குஞ்சுத் தீனை நிறுத்தி முட்டைக் கோழித் தீனுக்கு மாற்றினோம். சிப்பி ஓட்டைத் தூளாக்கித் தனிப் பாத்திரத்தில் வைத்தோம். கொஞ்சம் உப்பிடாமல் காயவைத்த நெத்தலித் தூளும் சேர்த்தோம். உப்புக் கருவாடு கூடாது. இன்னொன்று, காடை பெரும்பாலும் பின்னேரத்திலேயே முட்டையிடும். காலையில் கூட்டைப் பார்த்துவிட்டு மனம் சோர வேண்டாம். மஃரிபுக்குச் சற்று முன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பத்தாவது கிழமையில் 23 பெட்டைகளிலிருந்து நாளுக்கு 17, 18 முட்டை கிடைத்தது. தோடு மீள இன்னும் சில மாதங்கள் எடுத்தன. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது முட்டை மீண்டும் குறைந்தது. தீன் விலையும் ஏறியது. ராத்தா பறவைகளை 12 ஆகக் குறைத்து, சூரிய ஒளியில் ஏறும் சிறு விளக்கொன்றைக் கூட்டில் தொங்கவிட்டுத் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்.

தொடங்க நினைப்போருக்கு

வளர்ந்த காடை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை தீன் தின்னும். 20 பறவைக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். உங்கள் கடையின் இன்றைய விலையை வைத்து, முட்டையே இல்லாத முதல் இரண்டு மாதங்களுக்கான தீன் செலவை முதலில் எழுதுங்கள். அந்தத் தொகை கையில் இல்லாமல் குஞ்சு வாங்க வேண்டாம். முடிந்தால் மூன்று நான்கு கிழமை வயதான பெட்டைகளைப் பிரித்து வாங்குங்கள்.

குஞ்சு வாங்கினால் முதல் கிழமை 35 முதல் 37 பாகை வரை சூடு தேவை. தண்ணீர்த் தட்டில் சிறு கற்களைப் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு மூழ்கிவிடும். வளர்ப்புக் காடை அடைகாப்பதில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால் இயந்திரமோ ஒரு சிறு கோழியோ தேவை, 17, 18 நாட்கள் செல்லும். காடை முட்டை எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லி விற்க வேண்டாம். அது நல்ல உணவு, மருந்தல்ல.

கடன் எடுப்பவர்கள் முதல் தவணை மூன்று மாதத்துக்குப் பின்னரே தொடங்க வேண்டும் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். மறுத்தால் கடனை விட்டுவிட்டு, கையிலுள்ள பணத்தில் பத்துப் பெட்டைகளுடன் தொடங்குங்கள். நுண்கடன் நம் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் கண்டிருக்கிறோம். வறட்சி கண்ட மாவட்டங்களில் அச்சிறு கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

இப்போது நான் எழுதும் எந்தத் திட்டத்திலும் முதல் இரண்டு மாத முட்டைக்கு எதிரே பூச்சியம் என்றே போடுகிறேன். அதற்கு முன் கிடைக்கும் சின்ன முட்டைகளைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள் என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் பறவைக்கும் அவசரம் இருக்கக் கூடாது, அதை வளர்க்கும் பெண்ணுக்கும் அவசரம் இருக்கக் கூடாது.