கணிப்பொறிக்குள் ஓடும் யமுனை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வரும் வெள்ளம் எத்தனை உயரம் என்று அறிந்தாலன்றோ அணையின் உயரத்தை நிர்ணயிக்க இயலும்? பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்து, யமுனைக் கரையில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை காணும் முறையைச் சற்றே அறிந்து கொள்வது நலம்.

நம் நாட்டில் வெள்ள முன்னறிவிப்புப் பணி தொடங்கியதே யமுனையில்தான். 1958-ஆம் ஆண்டில் டில்லிப் பழைய ரயில்வே பாலத்தில் அப்பணி ஆரம்பமாயிற்று. அரியானாவிலுள்ள ஹத்னிகுண்ட் அணையிலிருந்து விடப்படும் நீர் தலைநகரை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மூன்று தினங்கள் ஆகும். அந்த அவகாசத்தில் நீர்மட்டத்தைக் கணித்துச் சொல்லிவிட வேண்டும்.

இக்கணக்கை இன்று கணிப்பொறி போடுகிறது. ஆற்றை நீளவாக்கில் பல கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் புகும் நீர், வெளியேறும் நீர், எஞ்சித் தங்கும் நீர் ஆகியவற்றை வீட்டு வரவு செலவைப் போல் அது எழுதிக்கொண்டே போகிறது. சரிவு நீரை முன்னே தள்ளுகிறது. படுகையும் கரையும் உராய்ந்து தடுக்கின்றன. இவற்றைச் சமன்பாடுகளாக வகுத்தவர் சேன் வெனான் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1871. கையால் போட்டால் மாதக்கணக்கில் நீளும் கணக்கு, இயந்திரத்தில் சொற்ப நேரத்தில் முடிந்துவிடுகிறது.

ஆயினும், ஆற்றின் அகலம், ஆழம், படுகையின் வடிவம் ஆகியவற்றை அதற்குச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்களே. சொன்னது பழைய வடிவமாயின் விடையும் பழைய ஆற்றுக்குரியதாகவே இருக்கும். இதன் அருமையை யமுனையே நமக்கு உணர்த்தியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்டைக் கடந்த உச்சப் பெருக்கு வினாடிக்கு 8.28 லட்சம் கன அடி. டில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டர். 2023 ஜூலையிலோ உச்சப் பெருக்கு 3.59 லட்சம் கன அடிதான். நீர்மட்டமோ 13-ஆம் தேதி 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-இன் 207.49 மீட்டரையும் விஞ்சியது. பாதிக்கும் குறைவான பெருக்கு, இரண்டு மீட்டர் கூடுதல் உயரம்! படுகையில் சேர்ந்த வண்டல், வெள்ளச் சமவெளியில் எழுந்த கட்டடங்கள், ஐ.டி.ஓ. அணையில் திறக்க இயலாது போன மதகுகள், நெடுநேரம் நீடித்த நீர்வரத்து எனப் பல காரணங்கள் எடுத்துரைக்கப்பட்டன. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வீதியில் வெள்ளம், குழாயில் குடிநீர் இல்லை.

நீரின் அளவைப் போலவே அதன் தூய்மையையும் கணிக்கலாம். இதற்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்காவின் ஓஹையோ நதியை ஆராய்ந்து 1925-இல் முடிவுகளை வெளியிட்ட ஸ்டிரீட்டர், ஃபெல்ப்ஸ் என்னும் இருவர். கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. காற்றிலிருந்து புதிய பிராணவாயு வரவாகிறது. செலவு வரவை மிஞ்சினால் மீன் மடியும். குளிப்பதற்குரிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் பிராணவாயு இருக்க வேண்டும். கழிவு கோரும் பிராணவாயு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி.

வஜீராபாத் முதல் ஓக்லா வரை 22 கிலோமீட்டர். நதியின் முழு நீளத்தில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. யமுனை மிகவும் கெடுவது இங்கேதான். சாக்கடைகளைச் சுத்திகரித்துவிட்டால் போதுமா? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கழிவுநீரை 10 மில்லிகிராம் அளவுக்குச் சுத்திகரித்ததாகக் கொள்வோம். அதில் ஒரு குடம் நீரை, 1 மில்லிகிராம் அளவுள்ள நல்ல ஆற்றுநீருடன் கலந்து 3 மில்லிகிராமுக்குக் கொண்டுவர, மூன்றரைக் குடம் ஆற்றுநீர் வேண்டும். கோடையிலோ வஜீராபாத்துக்குக் கீழே நல்ல நீர் பெரும்பாலும் விடப்படுவதில்லை. ஆகவே சுத்திகரிப்பும் வேண்டும், ஆற்றில் நீரோட்டமும் வேண்டும். எதனை எவ்வளவு செய்தால் நதி எவ்வளவு தேறும் என்பதை, கோடிக்கணக்கில் பணம் செலவிடுமுன்பே கணிப்பொறியில் சோதித்துப் பார்க்கலாம். அதன் பெரும் பயன் இதுவே.

மழைக்காலத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அறிவிப்புகளை அன்பர்கள் கவனித்து வர வேண்டும். பழைய ரயில்வே பாலத்தில் 205.33 மீட்டர் அபாய மட்டம். 206 மீட்டரில் தாழ்ந்த பகுதி மக்கள் வெளியேற்றப்படுவர். இவ்விரு எண்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக. நதிக்கென ஒரு திட்டத்தைக் காட்டி, கணிப்பொறியே சொல்லிவிட்டது என்று எவரேனும் கூறுவாராயின், ஆற்றைக் கடைசியாக அளந்தது எப்போது என்று வினவ நமக்கு உரிமையுண்டு.