அரிப்புக்கு மாத்திரை வாங்கும் முன்

நார்த்தாமலைப் பக்கம் பலருக்குக் கல்லும் மண்ணும்தான் பிழைப்பு. குவாரியில் கல் உடைப்பவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், தரிசில் ஆடு மேய்ப்பவர்கள் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று 'ஒத்துக்கொள்வதில்லை'. உடனே 'எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு' என்று பொடி வாங்குகிறார்கள். இல்லையென்றால் சீட்டில்லாமல் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். பொடி அலர்ஜியைத் தீர்க்காது. மாத்திரையோ, இல்லாத எதிர்ப்புக் குறைவை உண்டாக்கிவிடலாம். காரணம், அலர்ஜிக்கும் எதிர்ப்புக் குறைவுக்கும் நடுவில் நிற்பது ஒரே அணுதான்: டி செல்.

டி செல் செய்யும் வேலை

டி செல் வெள்ளணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுகிறது. சிடி8 வகை, கிருமி புகுந்த செல்லை அழிக்கும். சிடி4 வகை மற்ற அணுக்களுக்கு உத்தரவு தரும். இந்தப் போர் எல்லை மீறாமல் அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உண்டு. அவற்றைக் குறித்த ஆய்வுக்காகத்தான் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த அடக்கும் அணுக்களுக்குரிய மரபணு பழுதான குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கரப்பானும் ஓயாத வயிற்றுப்போக்கும் சர்க்கரை நோயும் வரலாம்.

சிமென்ட், பார்த்தீனியம், கவரிங் தோடு

கொத்தனாரின் விரலிடுக்கில் தோல் தடித்து, வெடித்து, நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சிமென்டின் காரம் தோலை அரிக்கிறது. அதிலுள்ள குரோமியத்தை டி செல்கள் பகையாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை பட்டால் உடனே அரிக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் எது காரணம் என்று பலருக்குத் தெரிவதில்லை. கவரிங் தோட்டிலுள்ள நிக்கலும், 1950களில் இந்தியாவில் கண்ணில் பட்டு இன்று சாலையோரமெல்லாம் பரவிவிட்ட பார்த்தீனியமும் இதே வழியில்தான் தோலைப் புண்ணாக்குகின்றன.

தும்மலும் வீசிங்கும் வேறு வழியில் வருபவை. அங்கே சிடி4 செல்களில் ஒரு பிரிவு, பூந்தூளைக் கண்டாலும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்யச் சொல்கிறது. ஈசினோபில் அணுக்களையும் பெருக்குகிறது. குடற்புழுவை எதிர்க்க வேண்டிய படை இது. ஆகவே ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருந்தால் அலர்ஜி என்று முடிவு கட்டாமல், புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டி செல் இல்லாதபோது

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவரது மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது. சோதனை வேலூர் சிஎம்சியில் நடந்தது. எச்ஐவி தின்பது சிடி4 செல்களை. அவை ஒரு மைக்ரோலிட்டருக்கு 200க்குக் கீழே இறங்கினால், சாதாரண உடம்பு எளிதில் விரட்டிவிடும் கிருமியும் உயிரை வாங்கும். இன்று அரசு மையங்களில் இலவசக் கூட்டு மருந்து கிடைக்கிறது. விடாமல் சாப்பிட்டால் சிடி4 எண்ணிக்கை மீண்டும் ஏறும்.

பிறவியிலேயே டி செல் இல்லாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு பிசிஜி தடுப்பூசியே நோயாகிவிடலாம். வீட்டில் முன்பு ஒரு கைக்குழந்தை அடுத்தடுத்த தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை எங்கே கெடுக்கிறது?

கடையில் தரும் அரிப்பு மாத்திரையில் பல சமயம் இருப்பது டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அரிப்பு ஒரே நாளில் அடங்கும். டி செல்லும் சேர்ந்து அடங்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தூங்கிக்கொண்டிருந்த காசநோய் விழித்துக்கொள்ளலாம். கல் தூசி படிந்த நுரையீரலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் சிலிக்கா தூசியே காசநோய்க்கு வழி திறக்கக்கூடியது. ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அப்படியல்ல. அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அளவும் மிகக் குறைவு. பயந்து நிறுத்த வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• சிமென்ட் பட்ட கையை உடனே கழுவி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள்; உள்ளே சிமென்ட் போனால் மாற்றுங்கள்.

• பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள்.

• அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். முதுகில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கும் சோதனை அது. எந்தப் பொருள் பகை என்று அதில் தெரியும்.

• இருமல் இரண்டு வாரம் தாண்டினால் 'தூசி அலர்ஜி' என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், கட்டணமில்லை.

• ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள்.

எதிர்ப்பு சக்தி கூடினால் போதும் என்பது சரியில்லை. அது எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதில்தான் ஆரோக்கியம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மருந்துக் கடைக்காரர் அல்ல.