மூளை ஸ்கேனுக்கு ஒரு டைமிங் ஃபைல்

மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பதை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் ஆராய்கிறார்கள். இதற்கு உதவும் இலவச சாஃப்ட்வேர் ஆஃப்னி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் காக்ஸ் 1994-ல் இதை உருவாக்கினார். லினக்ஸ், மேக் இரண்டிலும் இயங்கும். விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். வழியாக இயக்கலாம்.

இதில் ரிக்ரெஷன் கணக்கைப் போடுவது 3டிடீகன்வால்வ் என்ற புரோகிராம். எந்தப் படம் எந்த விநாடியில் காட்டப்பட்டது என்பதை அதற்குச் சொல்வதே டைமிங் ஃபைல். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஆனால் அதில் நேரம் தவறினால் ஆய்வு முடிவும் தவறும். எர்ரர் மெசேஜ்கூட வராது.

ஸ்கேனரில் படுத்திருப்பவருக்கு முகம், வீடு என இரு வகைப் படங்களை 3 ரன்களில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபைல் வேண்டும். முகத்துக்கான ஃபைல் இப்படி இருக்கும்:

12 44.5 92
20 61
*

கவனிக்க வேண்டியவை:

1. ஒரு ரன்னுக்கு ஒரு வரி.

2. எண்கள் அந்தந்த ரன் தொடங்கியதிலிருந்து விநாடிகளைக் குறிக்கும். இடையே ஸ்பேஸ் விடவும்.

3. அந்த வகைப் படமே வராத ரன்னுக்கு * குறி இடவும். மேலே 3-வது ரன் அப்படித்தான்.

4. எல்லா வரிகளிலும் ஒரே ஓர் எண் இருந்தால், எல்லா ரன்களையும் சேர்த்து எண்ணிய நேரமாக ஆஃப்னி எடுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க முதல் வரியின் எண்ணுக்குப் பின் ஒரு * சேர்க்கவும்.

என் அனுபவத்தில் பலரும் தடுமாறும் இடம் வேறு. ஸ்கேன் தொடங்கியதும் கிடைக்கும் சில பதிவுகளை நீக்குவது வழக்கம். ஒரு பதிவுக்கு 2 விநாடி வீதம் 4 பதிவுகளை நீக்கினால், ஃபைலில் உள்ள எல்லா நேரங்களிலும் 8 விநாடியைக் கழிக்க வேண்டும். படம் பார்த்து சுமார் 5 விநாடியில் மூளையின் ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தை அடைகிறது. 8 விநாடி தள்ளித் தேடினால் உச்சம் கடந்துபோயிருக்கும். உண்மையில் வேலை செய்த பகுதி, முடிவில் வேலை செய்யாததுபோல் தெரியும்.

விண்டோஸில் ஃபைலைத் தயாரிப்பவர்கள் நோட்பேட்++ பயன்படுத்தி, வரி முடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றி சேவ் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. எக்ஸ்1டி_ஸ்டாப் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் 3டிடீகன்வால்வ் மாடலை மட்டும் தயாரித்து நின்றுவிடும். அதை 1டிபிளாட் மூலம் வரைபடமாகப் பார்த்து, மேடுகள் சரியான இடத்தில் உள்ளனவா என்று சோதித்த பிறகே நான் முழுக் கணக்கை ஓடவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.