விலைச்சீட்டில் இரண்டு வேகங்கள்

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களிலே கணினிப் பேச்சு எழுந்துவிடுகின்றது. பையன் கல்லூரியில் சேரப் போகின்றான். அல்லது பெண்ணுக்குப் பொறியியலில் இடம் கிடைத்திருக்கின்றது. தந்தையார் கூட்டுறவுக் கடன் சங்கத்திலே கையெழுத்திட்டு ஐம்பதினாயிரமோ அறுபதினாயிரமோ பெற்றுக்கொண்டு, டில்லி நேரு பிளேஸ் போன்றதொரு கடைத்தெருவுக்குச் செல்கின்றார். கடைக்காரர் ஹிந்தியிலே மழைபோற் பொழியும் சொற்களுள் ஓர் எண் மட்டும் அவர் செவியில் நிலைக்கின்றது: 4.4 கிகாஹெர்ட்ஸ். வீடு வந்து மடிக்கணினியைத் திறந்து அதன் விவரப் பக்கத்தைப் பார்த்தாலோ, 1.30 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கின்றது! மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே, ஏமாந்துவிட்டோமோ என்று அவர் கலங்குகின்றார்.

இவ்வையத்தை நம்மிடம் கொண்டுவந்த அன்பர்கள் பலர். அவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல்: இரண்டு எண்களும் மெய்யே. சிறியது அடிப்படை வேகம். பெரியது ‘பூஸ்ட்’ என்றும் ‘டர்போ’ என்றும் வழங்கும் உச்ச வேகம். எந்த எண் எப்பொழுது மெய்யாகின்றது என்பதையே அறிந்துகொள்ள வேண்டும்.

பிராசசர் என்பது கணினியின் மூளை. அதனுள் ஓயாது ஒரு துடிப்பு நிகழ்கின்றது; வேலை யாவும் அத்துடிப்பின் தாளத்துக்கு நடக்கின்றன. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு. துடிப்பு விரைந்தால் வேலையும் விரையும். ஆனால் விரைவாகத் துடிக்க மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கின்றது. எழும் வெப்பமோ வேகத்தோடு மட்டும் ஏறுவதன்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகின்றது. ஆதலால் வேகத்தைச் சிறிது கூட்டினால் வெப்பம் பெரிதும் கூடிவிடும். இதன்முன் பெரிய கம்பெனிகளும் பணிந்தன. 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பென்டியம் 4 வெளியிடக் கருதியிருந்த இன்டெல் கம்பெனி, 2004-இல் அம்முயற்சியைக் கைவிட்டு 3.8-இலேயே நின்றது. அதன்பின் ஒற்றை மூளையை மேலும் விரட்டுவதை விடுத்து, ஒரே சில்லுக்குள் ‘கோர்’ எனப்படும் பல மூளைகளை வைக்கலாயினர்.

இரட்டை வேகம் பிறந்தது அங்கேதான். எல்லாக் கோர்களும் ஒருங்கே உழைப்பதைக் கணக்கிட்டு வேகத்தை நிர்ணயித்தால், ஒன்று மட்டும் உழைக்கும் வேளையில் வெப்பத்துக்கு இடம் மிஞ்சுகின்றது. மிஞ்சியதை அந்த ஒன்றின் வேகத்துக்குச் செலவிட்டால் என்ன? 2008-இல் இன்டெலின் முதல் கோர் ஐ7 சில்லுகள் இதனைச் செய்தன. ஐ7-920 என்பதற்கு அடிப்படை 2.66, உச்சம் 2.93. இடைவெளி பத்தில் ஒரு பங்களவே, எவரும் மலைக்கவில்லை. மடிக்கணினி மெலிய மெலிய அவ்விடைவெளி அகன்றது. மேற்சொன்ன தந்தையாரைக் கலங்கவைத்தது 2022-இல் வெளிவந்த கோர் ஐ5-1235யு என்னும் சில்லு. அதன் அடிப்படை மின்சார அளவு 15 வாட். உச்சத்திலே 55 வாட் வரை கொள்ளும். மெல்லிய உடலுக்குள்ளிருந்து 55 வாட் வெப்பத்தை நெடுநேரம் வெளியேற்ற இயலாது. ஆகவே சில பத்து விநாடிகள் பாய்ந்துவிட்டுச் சில்லு தானே இறங்கிவிடுகின்றது. இன்னும் ஒன்று: அதிலுள்ள பத்துக் கோர்களுள் இரண்டே 4.4-ஐ எட்டத் தக்கவை. ஏனைய எட்டும் 3.3-க்கு மேல் ஒருபோதும் செல்லா. கடைப்பலகையில் இது எழுதப்படுவதில்லை!

இரயில்வே உத்தியோகஸ்தர் நிறைந்த நம் சங்கத்திலே இதனை விளக்குவது எளிது. வண்டிக்குப் ‘புக்டு ஸ்பீடு’ என்று ஒன்று, ‘மாக்சிமம் பெர்மிசிபிள் ஸ்பீடு’ என்று ஒன்று உண்டு. கால அட்டவணை முன்னதை வைத்தே வகுக்கப்படுகின்றது. தாமதப்பட்ட வண்டி, வழி திறந்திருந்தால், பின்னதை எட்டி நேரத்தை மீட்கின்றது. உவமை முழுதும் பொருந்தாதுதான். வண்டியில் அவ்விரண்டுக்கும் வேற்றுமை சிறிது, கணினியிலோ மும்மடங்கு. வேலையற்றிருக்கும் கணினி அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும்.

ஆகவே 1.3 என்று கண்டு நல்ல பொறியை மறுப்பதும் தவறு, 4.4 என்று கேட்டுக் கடன்பணத்தை எண்ணிக் கொடுப்பதும் தவறு. கடிதம் எழுதுதல், பயணச்சீட்டுப் பதிவு, ஊரிலுள்ள பாட்டியாரோடு முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றுக்கு வேண்டுவது நொடிப்பொழுதுப் பாய்ச்சல். அதற்கு உச்ச வேகமே உதவுகின்றது. அடிப்படை வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டா. பொறியியல் வரைபடம் தீட்டும் பெண்ணுக்கும், வீடியோ தொகுக்கும் பையனுக்கும் நிலைமை வேறு. அவர்களது வேலை மணிக்கணக்கில் நீள்வது. அவர்களுக்கு உரியது நிலைத்து நிற்கும் வேகம். அதுவோ எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை.

அவ்வேகம் பெரும்பாலும் இரண்டு எண்களுக்கும் இடையே எங்கேனும் அமையும். எங்கே என்பதைத் தீர்மானிப்பது கணினியின் உடலமைப்பு. அதே சில்லைச் சற்றுப் பருத்த உடலில், நல்ல விசிறியோடு வைத்தால் வேகம் உயர்ந்து நிற்கும். காகிதம்போல் மெலிந்த உடலில் வைத்தால் தாழ்ந்துவிடும். மே மாதத்து நாக்பூரிலே வீசும் காற்றே அனலாயிருக்கையில், விசிறி என்ன செய்ய இயலும்? சில்லு 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது.

வெவ்வேறு சில்லுகளின் வேகத்தை எண்ணால் மட்டும் ஒப்பிடுவதோ இன்னும் பெரிய பிழை. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 வரிசையில் 7520யு, 7530யு என இரண்டு உள. முன்னதன் அடிப்படை வேகம் 2.8, பின்னதற்கு 2.0 மட்டுமே. முன்னதே மேல் என்று தோன்றும். உண்மையில் முன்னதில் நான்கு கோர்கள், அவையும் 2019-இல் வந்த பழைய அமைப்பினைச் சேர்ந்தவை. பின்னதில் ஆறு கோர்கள், அதற்கடுத்த தலைமுறை அமைப்பு. ஒரு துடிப்பில் செய்யும் வேலை பின்னதில் அதிகம். எண்ணில் தாழ்ந்ததே வலியது. இவ்வரிசையில் மூன்றாம் இலக்கம் அமைப்பின் தலைமுறையைக் காட்டுகின்றது என்பதை அன்பர்கள் நினைவில் வைக்கலாம். கடைக்காரர்களிற் பலரும் இதனை அறியார்.

கடையில் காட்சிக்கு வைத்துள்ள பொறியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அடிப்படை வேகமும், அந்த நொடியில் ஓடும் வேகமும் காணலாம். சினிபெஞ்ச் என்னும் இலவசச் சோதனை மென்பொருள் எல்லாக் கோர்களையும் பத்து நிமிஷம் வேலை வாங்கும். மின்னிணைப்பில் வைத்து அதனை ஓடவிட்டு, ஐந்தாம் நிமிஷத்துக்குப் பிறகு வேகம் எங்கே நிற்கின்றது என்று பார்க்க வேண்டும். முதல் அரை நிமிஷத்தைப் பார்த்து மகிழ வேண்டா. கடைக்காரர் இசையாவிடின், அதே மாதிரியை வாங்கியுள்ள சங்கத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அவர்கள் காபி கொடுத்து உபசரிப்பார்களேயன்றி மறுக்கமாட்டார்கள்.

வாங்கிய பின்னர் பிள்ளைகள் கணினியை மெத்தைமேல் வைத்துப் படிப்பதை மட்டும் தடுத்தல் நலம். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டால் அடிப்படை வேகமும் நிலைக்காமற் போகலாம். கீழே வைக்க ஒரு மரப்பலகை போதும்.