மணலியில் ஈரானின் பங்கு

வடசென்னை மணலியைத் தாண்டும்போதெல்லாம் அந்த உரத் தொழிற்சாலையைப் பார்ப்பேன். 1966-ல் தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஈரானோடது! அந்த நாட்டு எண்ணெய்க் காசும் சேர்ந்துதான் 'விஜய்' யூரியாவா எங்கப்பா வயலுக்கு வந்துச்சு.

அங்கே உழவு எப்படி? 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு, கோதுமையில் தன்னிறைவு வேணும்னு ஆழ்துளைக் கிணறுகளாப் போட்டாங்க. 2004-ல் தன்னிறைவை அறிவிக்கவும் செஞ்சாங்க. அதைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா நாட்டுத் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் விவசாயத்துக்கே போகுது. நிலத்தடி நீர் வத்தி, பல இடங்களில் தரையே அமிழுது. மோட்டாரில்லாமல் காலங்காலமா நீர் தந்த 'கனாத்' சுரங்கக் கால்வாய்கள் பலதும் வறண்டாச்சு.

மீஞ்சூர்க்காரங்க எங்களுக்கு இது புதுசில்லை. இங்கேயும் பம்பு போட்டு உறிஞ்சினோம், கடல் உள்ளே வந்துச்சு. இந்த வருசம் மூட்டை வாங்கலை, தக்கைப்பூண்டு விதைச்சிருக்கேன். கிணத்துத் தண்ணி இன்னும் உப்புதான்.