சின்னஞ்சிறார்களுடன் களியாட்டப் பூங்காவுக்கு: பயணத்தின் அளவுகோல் எது?

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இம்முறை எங்கே போவது?" என்பதுதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தமிழ்க் குடும்பங்களும், நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் அடுத்து முஸ்லிம் குடும்பங்களும் வான் ஒன்றையோ பஸ் ஒன்றையோ வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, உறவினர் அயலவர் சகிதம் புறப்படுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொல போன்ற பிரதேசங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு இத்தகைய பயணம் ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பதே அரிது. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் செலவாகிறது. ஆகவே அந்த ஒரு நாளில் இயன்ற அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஆயின், தவறு தொடங்குவதும் அங்கேதான். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வாகனம் புறப்படுகிறது. காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நண்பகலில் நீர் விளையாட்டுப் பூங்கா, மாலையில் காலிமுகத்திடல், இரவு கடைத்தெரு, மறுநாள் விடியுமுன் வீடு. பெரியவர்களுக்கு இது நிறைவான பயணமாகத் தோன்றலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கோ அது பாதி வாந்தியிலும் பாதி உறக்கத்திலும் கழிந்த ஒரு நாள். எந்தப் பிள்ளைக்காகப் புறப்பட்டோமோ அந்தப் பிள்ளை, ஊஞ்சலின் அருகே தாயின் தோளில் உறங்கிக் கிடக்கும் காட்சியை இத்தகைய பூங்காக்களில் எந்த விடுமுறை நாளிலும் காணலாம்.

எனவே முதலில் மனங்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயணத்தின் அளவுகோல் இடங்களின் எண்ணிக்கை அன்று. குழுவிலுள்ள மிகச் சிறிய பிள்ளையின் ஆற்றலே. அப்பிள்ளை எத்தனை மணித்தியாலம் வாகனத்தில் இருக்கும், எப்போது உண்ணும், எப்போது உறங்கும் என்பவற்றை அறிந்து, அதற்கேற்ப நாளை வகுத்தால் ஏனையவை தாமாகவே ஒழுங்குபடும்.

தூரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து கண்டி ஏறத்தாழ 26 கிலோமீற்றர். பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்கு வரும் தூரம் இதனினும் வேறு. வளைவும் நெரிசலும் நிறைந்த இவ்வீதியில் ஒரு வழிப் பயணத்துக்கே நான்கு முதல் ஐந்து மணித்தியாலங்கள் தேவைப்படும். ஹங்வெல்லப் பகுதியிலுள்ள 'லெஷர் வேர்ல்ட்' போன்ற பூங்காவுக்குச் செல்வோருக்கும் நிலைமை பெரிதும் வேறுபடாது. குருநாகல் வழியாகச் செல்வோருக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதை சிறிது நேரத்தை மீதப்படுத்தும். எவ்வாறாயினும், ஒரே நாளில் போய்த் திரும்புவதாயின் எட்டு முதல் பத்து மணித்தியாலங்கள் வாகனத்திலேயே கழியும். பூங்காவில் எஞ்சுவது நான்கைந்து மணித்தியாலங்கள் மட்டுமே. அதற்குள் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்ப்பது, பூங்காவைப் பார்க்காமலே திரும்புவதற்கு ஒப்பானது.

பிள்ளையின் களைப்பைவிடப் பாரதூரமானது சாரதியின் களைப்பு. மனித உடல் உறக்கத்தை மிக வலிந்து கேட்கும் நேரம் அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையாகும். பிற்பகலிலும் ஒரு சோர்வு வேளை உண்டு. முதல் நாள் முழுவதும் வாகனம் ஓட்டியவர், அன்றிரவே நம் பயணத்துக்கும் புறப்பட்டால் அவரது கண்கள் சில விநாடிகள் மூடினாலே போதும், வாகனம் பாதையை விட்டு விலகிவிடும். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை, கெரண்டி எல்லவில் நெடுந்தூர பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களும் குடும்பத்தினரும் சென்ற சுற்றுலா பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் பலியாகினர். விபத்துகளுக்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். எனினும் மலைப்பாதையும் இரவும் நீண்ட பயணமும் ஒன்றுசேரும்போது சிறிய பிழைக்கும் மன்னிப்பு இல்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆதலால் வாகனத்தை வாடகைக்குப் பேசும்போது கட்டணத்தை மட்டும் பேசுதல் போதாது. சாரதி முதல் நாள் இரவு உறங்குவாரா, நீண்ட பயணமாயின் மாற்றுச் சாரதி உண்டா, டயர்களும் தடுப்புக் கருவியும் அண்மையில் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேட்பது நமது உரிமை. இறக்கத்தில் தடுப்பை ஓயாது மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். குறைந்த கியரில் மெதுவாக இறங்குவதே முறை. கடுகண்ணாவை இறக்கத்தில் "வேகமாகப் போங்கள், நேரமாகிறது" என்று சாரதியை அவசரப்படுத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசனங்களின் எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றுவதும், பிள்ளையை முன் ஆசனத்தில் மடியில் வைத்திருப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. திடீரென வாகனம் நிற்கும்போது மடியிலுள்ள குழந்தையைத் தாயின் கரங்களால் பிடித்துவைக்க முடியாது.

சுபஹ்த் தொழுகை முடித்தபின், அல்லது விடிந்து விளக்கேற்றியபின் புறப்படுவதே சிறந்தது. வழியிலோ கொழும்பிலோ உறவினர் வீடு இருப்பின் ஓர் இரவு தங்கிச் செல்லலாம். அது இயலாதெனின் 'ஒரு நாள், ஓரிடம்' என்பதை விதியாகக் கொள்ளலாம்.

இனிப் பூங்காவினுள் நுழைவோம். சுழலும், பாயும் விளையாட்டுகளின் வாயிலில் உயர அளவு குறிக்கப்பட்டிருப்பதைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகின்றனர். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 'ஸ்பேஸ் மவுண்டன்' எனும் விளையாட்டில் ஏறுவதற்கு 112 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். வயதைக் கேளாது உயரத்தை அளப்பதன் காரணம் எளியது. ஆசனத்தின் பிடிகம்பி குறிப்பிட்ட உடலளவுக்கே வடிவமைக்கப்பட்டது. அதனினும் சிறிய உடல் வேகமான திருப்பத்தில் கம்பியின் அடியால் வழுகி வெளியேறிவிடக்கூடும். ஆகவே வயதைக் கூட்டிச் சொல்லியோ, நுனிக்காலில் நிற்கச் செய்தோ பிள்ளையை ஏற்றிவிடுதல் அன்பன்று. புறப்படுமுன் வீட்டுக் கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தை அளந்து, எந்த விளையாட்டு அதற்குரியது, எது அடுத்த ஆண்டுக்குரியது என்று கூறிவைத்தால் வாயிலில் அழுகையும் இராது, ஏமாற்றமும் இராது.

நீர் விளையாட்டே பெரும் எச்சரிக்கைக்குரியது. உலக சுகாதார நிறுவனத்தின் தகவல்களின்படி நீரில் மூழ்கி உயிரிழப்போர் விகிதம் ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளிடையே மிக அதிகம். மூழ்கும் குழந்தை திரைப்படங்களில் காண்பதுபோல் கூச்சலிடுவதில்லை. கைகளை வீசுவதும் அரிது. மூச்சுக்கே இடமில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? முழங்காலளவு நீரிலும், பலர் சூழ்ந்திருக்கும் வேளையிலும், ஓரிரு நிமிடங்களில் அது நிகழ்ந்துவிடும். "எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்னும்போது உண்மையில் ஒருவருமே பார்ப்பதில்லை. எனவே பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசியை ஒதுக்கிவைத்து, அரை மணித்தியாலம் பிள்ளைகளை மட்டுமே கவனிக்க வேண்டும். பின்னர் அப்பொறுப்பை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். காற்றடைத்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருட்களே அன்றி உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. திரும்பும் வழியில் அறியாத ஆற்றிலோ நீர்வீழ்ச்சியிலோ குளிக்க இறங்குவதை அறவே தவிர்த்தல் நன்று.

மூடிய மண்டபங்களில் அமைந்த விளையாட்டு நிலையங்களுக்குச் செல்வோர் வெளியேறும் வழிகள் எங்குள்ளன என்பதை முதலிலேயே பார்த்துவைக்க வேண்டும். 2024 மே 25ஆம் திகதி இந்தியாவின் குஜராத் மாநிலம் ராஜ்கோட் நகரில் இத்தகைய நிலையமொன்றில் மூண்ட தீயில், சிறுவர்கள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்புப் பிரிவின் அனுமதிச் சான்றிதழ் அந்நிலையத்துக்கு இருக்கவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. பண்டிகைக் காலங்களில் நகர்களில் சில வாரங்களுக்கு மட்டும் அமைக்கப்படும் 'கார்னிவல்' இராட்டினங்களுக்கும் இது பொருந்தும். கழற்றிக் கழற்றிப் பூட்டப்படும் இயந்திரத்தின் ஒவ்வோர் ஆணியும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பரிசோதிக்கப்பட வேண்டியது. துருவும் தளர்வும் கண்ணுக்குத் தெரிந்தால், கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று விலகிவிடுவதே அறிவுடைமை.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிடுதல் இன்னோர் அச்சம். புறப்படும் காலையிலேயே பிள்ளையை அன்று அணிந்த உடையுடன் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால், தேடும் வேளையில் நிறத்தை நினைவுபடுத்தித் தடுமாற வேண்டியதில்லை. பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் இடலாம். "எங்களைக் காணாவிட்டால் நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்தவரிடம் சொல்" என்று இருமுறை சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் நினைவில் வைத்திருக்கும்.

உணவு விடயத்திலும் நம் வழக்கம் சற்றுத் திருத்தம் பெற வேண்டும். இரவு சமைத்துச் சுடச்சுடக் கட்டிய சோற்றுப் பார்சலை மறுநாள் நண்பகலில் பிரிப்பது ஆபத்தானது. சமைத்தபின்னும் அழியாது எஞ்சும் சில கிருமிகள் இளஞ்சூட்டில் பெருகி நச்சை உண்டாக்கும். மீளச் சூடாக்கினாலும் அந்நச்சு நீங்குவதில்லை. தேங்காய்ப்பால் கறியும் சம்பலும் விரைவில் பழுதடைபவை. பாண், வாழைப்பழம், பிஸ்கட், காய்ச்சி ஆறிய நீர் என்பன காலைப் பொழுதுக்குப் போதுமானவை. பகலுணவை வழியிலேயே புதிதாகப் பெறுவதாயின், ஹலால் உணவு கிடைக்கும் இடத்தையும் மரக்கறி உணவு கிடைக்கும் இடத்தையும் முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். லுஹர்த் தொழுகைக்குப் பள்ளிவாசல் ஒன்றின் அருகே நிறுத்தினால் பிள்ளைகளின் மலசலகூடத் தேவையும் அங்கேயே நிறைவேறும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்துவது காலவிரயம் அன்று. வாந்தியைத் தடுக்கும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.

எப்போது செல்வது என்பதும் முக்கியம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டி வேறு விடுமுறை அட்டவணை இருப்பதால், ஏனைய பாடசாலைகள் நடைபெறும் நாட்களில் அவர்கள் நெரிசலின்றிச் சென்றுவரலாம். பெருநாளுக்கு மறுநாளையும் புத்தாண்டின் மறுநாளையும் தவிர்த்துச் சில நாட்கள் பொறுத்தால் வரிசையில் நிற்கும் நேரம் பெரிதும் குறையும். ஏப்ரல் மாதத்துப் பிற்பகல்களில் இடிமின்னலுடன் மழை பெய்வது வழமை. ஆகவே திறந்தவெளி விளையாட்டுகளை முற்பகலில் முடித்துவிடுதல் நலம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலைநாட்டில் விளைத்த வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட மாத்தளை மாவட்ட மக்களுக்கு, மழைக்காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைக் கேட்டுப் புறப்பட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தொலைதூரப் பூங்காவுக்குச் சென்றால்தான் பிள்ளை மகிழும் என்பதும் இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் 147 ஏக்கர் பரப்பே பெரும் உலகம். பின்னவலையில் 1975இல் தொடங்கப்பட்ட யானைகள் சரணாலயத்தில், யானைகள் கூட்டமாக மகா ஓயாவில் இறங்கிக் குளிக்கும் காட்சிக்கு ஈடான இயந்திர விளையாட்டு எதுவுமில்லை. குளிக்கும் வேளையை விசாரித்துச் செல்வதே அங்கு செய்ய வேண்டிய திட்டம். மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பெயர்த்து மீளக் கட்டப்பட்ட நாலந்தா கெடிகே அமைதியான சூழலில் நிற்கிறது. சீகிரியா அருகிலிருப்பினும், ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் குளவிகளின் அச்சுறுத்தலும் உள்ள அக்குன்று சின்னஞ்சிறார்களுக்கு ஏற்றதன்று. அவர்கள் வளரும் வரை அது காத்திருக்கும்.

இறுதியாக ஒன்று. ஓர் ஊஞ்சலுக்காகவும் ஒரு சறுக்கு மரத்துக்காகவும் கிராமத்துப் பிள்ளை நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டியிருப்பது பெற்றோரின் குறை அன்று. பிரதேச சபைகள் தம் எல்லைக்குள் பராமரிப்புள்ள சிறுவர் பூங்கா ஒன்றையேனும் அமைத்தால், இரவுப் பயணங்களுள் பல தேவையற்றுப் போகும். அதுவரை நாம் செய்யக்கூடியது, கண்ட இடங்களை எண்ணிப் பெருமைப்படுவதை விடுத்து, புறப்பட்ட பிள்ளைகள் அனைவரும் விளையாடிய மகிழ்வோடும் உடல் நலத்தோடும் அன்றிரவு தம் பாயில் வந்து உறங்கினரா என்று எண்ணிப் பார்ப்பதே.