பிரிந்த வில்லையும் மரப்பிசினும்

பழைய காமிரா வில்லையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் வானவில் வண்ணம் தெரிந்தால், ஒட்டியிருந்த கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். 1902இல் பால் ருடால்ஃப் வகுத்த டெஸ்ஸார் வில்லையின் பின்னிணை அவ்வாறு ஒட்டியதே. அக்காலத்துப் பசை கனடா பால்சம். ஃபர் மரத்துப் பிசின். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதற்கு மிக நெருங்கியது. ஆகவே ஒளி தடையின்றிக் கடக்கும். பிசின் உலர்ந்து விலகினாலோ இடைவெளியில் ஒளி எதிரொளித்துப் படம் வெளிறும்.

விளிம்பில் நூலளவே பிரிந்திருந்தால் கைவைக்காதீர்கள் என்பேன். படத்தில் அது தெரிவது அரிது. நடுவரை பரவியிருந்தால் மட்டுமே வேலை. உலோகக் கூட்டிலிருந்து கழற்றியதும், இரு கண்ணாடிகளின் பக்கவிளிம்பிலும் சேர்ந்தாற்போல் பென்சிற்கோடு ஒன்று இடுங்கள்; மீண்டும் பழைய நிலையிலேயே பொருத்த அதுவே அடையாளம். பிறகு தண்ணீரில் இட்டு மிக மெல்லச் சூடேற்ற வேண்டும். இருவகைக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை, அவசரப்பட்டால் விரிசல்தான். பிசின் இளகியதும் பக்கவாட்டில் வழுக்கிப் பிரிக்கலாம். எஞ்சியதை அசிட்டோன் கரைக்கும்.

இன்று பலர் புறஊதா ஒளியில் இறுகும் செயற்கைப் பசையை விரும்புகின்றனர். உறுதிதான், ஆனால் இறுகியபின் பிரிப்பது பெரும்பாடு. நான் பால்சத்தையே நாடுகிறேன். மையம் மயிரிழை பிசகினாலும் மறுநாள் சூடாக்கித் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?